சுமைதாங்கிக் கல்லும் நினைவுப் பாட்டும்

ஊரின் பொருட்டு உயிர் நீத்தவருக்குக் கல் நாட்டி வழிபடுவது தமிழ்நாட்டில் மிகப் பழமையான வழக்கம். மதுரைக்கு மேற்கே வைகை ஆற்றின் பக்கத்தில், தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்திலுள்ள புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட நடுகற்கள் தமிழ் பிராமி எழுத்துப் பொறிப்புகள் உடையவை. அவற்றுள் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்ட ஒருவனைக் குறிக்கிறது. ஆடுமாடுகளைக் காக்கவும் கவரவும் நடந்த போரில் வீழ்ந்தவனை ஈராயிரம் ஆண்டுகளாக அக்கல் நினைவூட்டி நிற்கிறது.

ஆனால் ஊரெல்லையில் அன்றி வீட்டுக்குள்ளேயே அடியாலும் பட்டினியாலும் வசையாலும் மாண்ட பெண்களை ஊர் எவ்வாறு நினைவு கூர்ந்தது? இன்று எவ்வாறு நினைவு கூர வேண்டும்? இவ்விரு வினாக்களையும் பஞ்சாயத்தில் பொறுப்பேற்றோரும் உழவர் பெருமக்களும் மாதர் குழுவினரும் கூடிச் சிந்திக்க வேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கம். இது பழங்கதை ஆராய்ச்சி மட்டும் அன்று. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் நூற்றுக்கு 38 பேர் அளவில் தம் கணவரின் வன்முறையை எப்போதேனும் அனுபவித்ததாகக் கூறினர். நூறு வீடுகள் உள்ள ஒரு சிற்றூரை மனத்தில் கொண்டு இக்கணக்கை எண்ணிப் பார்த்தால் இதன் கனம் விளங்கும்.

சுமைதாங்கி கூறும் பாடம்

பழைய பாட்டைகளின் ஓரத்தில் இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மீது ஒரு கல்லைக் கிடையாக வைத்த சுமைதாங்கிகளைப் பலர் பார்த்திருப்பர். தலைச்சுமையோடு நெடுந்தூரம் நடந்து வருவோர், பிறர் உதவியின்றித் தாமே சுமையை இறக்கி வைத்து இளைப்பாறவும், மீண்டும் எடுத்துத் தலையில் ஏற்றிக் கொள்ளவும் ஏற்ற உயரத்தில் அவை அமைந்திருக்கும். கருவுற்ற நிலையில், பிள்ளையைப் பெறாமலே இறந்துபோன பெண்ணின் நினைவாக இத்தகைய சுமைதாங்கியை நாட்டுவது நம் பக்கத்து வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்கி வைக்காமல் போனவள் பெயரால், வழிப்போக்கர் தம் சுமையை இறக்கி வைக்கட்டும் என்பது அதன் கருத்து.

இதைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் ஒன்றைச் சிந்தித்தல் அரிது. இறந்தவளுக்குச் சிலை எழுப்பிக் கற்பூரம் காட்டுவதோடு அது நிற்கவில்லை. அவளுக்குக் கிடைக்காத உதவியை, உயிரோடு இருப்பவர்களுக்குக் கிடைக்கச் செய்கிறது. நினைவுச் சின்னம் என்பது இருப்போரின் சுமையைக் குறைக்க வேண்டும் என்ற இந்த விதியையே இப்பாடம் முழுவதற்கும் அளவுகோலாகக் கொள்வோம்.

நல்லதங்காள் கிணறு

வீட்டுக் கொடுமையால் மாண்ட ஒரு பெண்ணைப் பாட்டாலும் கோயிலாலும் நினைவு கூர்ந்ததற்குத் தென்பாண்டி நாட்டில் யாவரும் அறிந்த சான்று நல்லதங்காள் கதை. விருதுநகர் மாவட்டத்தில், மேற்கு மலையடிவாரத்தில் வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் உண்டு. அவள் மாண்ட கிணறு என்று ஒரு கிணற்றையும் அங்கே காட்டுகின்றனர்.

கதை இதுதான். அர்ச்சுனாபுரத்தில் பிறந்த நல்லதங்காள் மானாமதுரையில் காசிராசனுக்கு வாழ்க்கைப்பட்டு ஏழு பிள்ளைகளைப் பெற்றாள். மழை பொய்த்துப் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் வந்தது. பிள்ளைகளோடு அண்ணன் நல்லதம்பியின் வீட்டை நாடி நடந்தாள். அண்ணன் வெளியூர் சென்றிருந்தான். அண்ணி மூளி அலங்காரி கதவை அடைத்தாள். உண்ண உதவாத தானியத்தையும் எரியாத விறகையும் கொடுத்து அவமதித்தாள். பசியும் அவமானமும் பொறாத நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் வீழ்ந்தாள். திரும்பி வந்த அண்ணன் உண்மை அறிந்து அலங்காரியைத் தண்டித்துத் தானும் மாண்டான். சிவனும் பார்வதியும் அனைவரையும் உயிர்ப்பித்ததாக முடியும் வடிவமும் உண்டு.

இக்கதை அம்மானைப் பாட்டாகவும், கூத்தாகவும், நாடகமாகவும், பிற்காலத்தில் திரைப்படமாகவும் ஊர்தோறும் பரவியது. நம் பாட்டிமார் இதைக் கேட்டு அழாத நாள் இல்லை. ஒரு பெண்ணின் துயரத்தைப் பல தலைமுறையாக மறக்க விடாமல் காத்தது பாட்டே.

ஆயினும் பாட்டைக் கேட்டு அழுவதோடு கடமை முடிந்ததாக எண்ணலாகாது. அண்ணி ஒருத்தியின் தீய குணமே எல்லாவற்றுக்கும் காரணம் என்று பாட்டு நமக்கு ஆறுதல் சொல்லிவிடுகிறது. தெருவில் இருந்தவர்கள் எங்கே? ஏழு பிள்ளைகள் பசியோடு நிற்பதைக் கண்ட அண்டை வீட்டார் எங்கே? ஊரில் நாட்டாண்மை இல்லையா? பஞ்ச காலத்தில் அனாதையாக வந்த தாய்க்குக் கஞ்சி ஊற்ற ஒரு கைகூடவா நீளவில்லை? இவ்வினாக்களைக் கேட்கும்போதுதான் கதை பாடமாகிறது. மேலும், தாயும் பிள்ளைகளும் மாண்டது அவள் பெருமையன்று, ஊரின் தோல்வி. சாவை மானத்தின் அடையாளமாகப் போற்றிப் பாடினால், இன்று அதே துயரில் இருக்கும் மற்றொரு பெண்ணுக்கு அது தவறான வழியைக் காட்டிவிடும்.

நீலியின் கண்ணீர்

நினைவு நீதியாகவும் அமையலாம்; அநீதியாகவும் அமையலாம். திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் வழங்கும் நீலி கதை இதற்குச் சான்று. கணவனால் கொல்லப்பட்ட ஒரு பெண், மறுபிறப்பில் நீலியாகி அவனைத் தேடி வருகிறாள். அவனுக்கு அடைக்கலம் தந்த வேளாளர் எழுபது பேர், அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் தாமும் உயிர் விடுவதாக வாக்களிக்கின்றனர். அவன் இறந்ததும் தீப்புகுந்து வாக்கைக் காத்தனர் என்பது கதை. எழுபதின்மரின் வாய்மையை நாடு போற்றியது. அது தகும். ஆனால் கொலையுண்ட மனைவிக்குக் கிடைத்தது என்ன? பேய் என்னும் பட்டம். அதற்கும் மேலாக, பொய்யழுகைக்கு ‘நீலிக் கண்ணீர்’ என்றே நம் மொழியில் பெயர் நிலைத்துவிட்டது. கணவன் கையால் மாண்டவளின் அழுகை பொய்யழுகைக்கு உவமையாயிற்று!

திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் நிலைமை சிறிது வேறு. அங்கே நீலியின் கதையோடு இணைந்த இசக்கியம்மனைக் கையில் குழந்தை ஏந்திய தெய்வமாக வழிபடுகின்றனர். வில்லுப்பாட்டில் அவள் கதையைப் பாடுகின்றனர். அங்கே அவள் அழுகைக்குச் செவி கிடைத்தது. ஒரே துயரம், ஓரிடத்தில் பழிச்சொல்லாகவும் மற்றோரிடத்தில் தெய்வமாகவும் நிற்கிறது. எவ்வாறு நினைவு கூர்கிறோம் என்பதில் ஊரின் மனம் வெளிப்படுகிறது.

மதுரைப் பக்கத்தில் அகாலமாக இறந்த பெண்ணை வீட்டுத் தெய்வமாக்கி, ஆண்டுதோறும் சேலையும் வளையலும் பூவும் வைத்துப் படைப்பதும் நாம் அறிந்ததே. அன்பினால் படைப்போர் பலர். ஆயினும் சில வீடுகளில், வாழும்போது அவளை வருத்தியவர்களே, அவள் ஆவி தம்மை வருத்துமோ என்ற அச்சத்தால் படைக்கின்றனர். சேலை வைத்துப் படைத்துவிட்டால் குற்றம் தீர்ந்துவிடுமா? வழிபாடு விசாரணைக்கு ஈடாகாது.

ஒப்பாரி ஒரு சாட்சியம்

நம் பெண்களுக்கு ஊர் நடுவே வாய்விட்டுப் பேச உரிமை இருந்த இடம் ஒன்று உண்டு. அதுவே ஒப்பாரி. இழவு வீட்டில் பிறந்தகத்துப் பெண்கள் கூடி மாரடித்துப் பாடும்போது, மற்ற நாளில் சொல்ல இயலாத குறைகளை எல்லாம் சொல்லிவிடுவர். சீர் குறைந்ததற்காகக் கேட்ட வசை, பட்டினி போட்ட நாள், அண்ணன் வந்து பாராத குறை ஆகிய அனைத்தும் பாட்டில் வெளிப்படும். ஆடவர் பந்தலில் அமர்ந்து கேட்பர். பாட்டுத்தானே என்று எழுந்து போய்விடுவர். கேட்கத் தெரிந்த ஊருக்கு ஒப்பாரி ஒரு வாக்குமூலம்.

இறப்புக்குப் பிறகு ஊர் கூறும் காரணங்களையும் நாம் அறிவோம். ‘தீராத வயிற்றுவலி’ என்பர். ‘அடுப்பு வெடித்தது’ என்பர். ‘கால் இடறிக் கிணற்றில் விழுந்தாள்’ என்பர். இவற்றுள் உண்மையானவையும் இருக்கலாம். ஆனால் உண்மையை மறைக்க இச்சொற்கள் எளிதில் உதவுகின்றன என்பதை மறுக்க இயலாது.

வாய்மொழிப் பாட்டுகளை ஏட்டில் காப்பதும் ஒரு தொண்டு. பேராசிரியர் நா. வானமாமலை தொகுத்துப் பதிப்பித்த தென்னாட்டுக் கதைப்பாடல்களை 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் நூல்களாக வெளியிட்டது. அதுபோல், நம் ஊர் மூதாட்டியர் பாடும் ஒப்பாரிகளை அவர்தம் இசைவு பெற்று உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர்கள் எழுதி வைக்கலாம். இன்று கைப்பேசியிலேயே பதிவு செய்யவும் இயலும்.

பிற நாடுகளில்

இத்தகைய நினைவு முயற்சிகள் வெளிநாடுகளிலும் நடைபெற்றுள்ளன. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், வீட்டு வன்முறையால் 1990ஆம் ஆண்டில் கொல்லப்பட்ட 26 பெண்களுக்கு ஆளுயர மரப் பலகை உருவங்களைச் செய்து சிவப்பு வண்ணம் பூசி ஊர்வலமாக எடுத்துச் சென்றனர். அவற்றோடு 27ஆவது உருவம் ஒன்றும் இருந்தது. விபத்து என்று எழுதி மூடப்பட்டோ துப்புத் துலங்காமலோ கணக்கில் சேராமல் போன பெண்களுக்காக அதனைச் செய்தனர். ‘வயிற்றுவலி’ என்று எழுதப்பட்ட நம் ஊர்ப் பெண்ணுக்கும் அந்த இருபத்தேழாவது உருவம் பொருந்தும் அன்றோ?

மெக்சிகோ நாட்டில் எலினா சாவெத் என்ற கலைஞர் 2009ஆம் ஆண்டில் 33 இணைச் சிவப்புக் காலணிகளைத் தெருவில் வரிசையாக வைத்தார். அணிய ஆளில்லாத காலணிகள் சொல்லாமலே செய்தி சொல்லின. அவ்வழக்கம் பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவியது. நவம்பர் 25ஆம் நாளைப் பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் நாளாக ஐக்கிய நாடுகள் சபை 1999ஆம் ஆண்டில் அறிவித்தது. நம் நாட்டில் கார்த்திகை மாதத்தில் அந்நாள் வருகிறது. விளக்கேற்றி நினைவு கூர ஏற்ற மாதமே அது.

சட்டம் தரும் துணை

நினைவு விழா நடத்துவோர் சட்டத்தையும் ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. உடலை வருத்துவது மட்டுமின்றி, வசை மொழி, மன வேதனை, பாலியல் கொடுமை, பணமும் உணவும் மறுத்தல் ஆகியவையும் அச்சட்டப்படி வன்முறையே. பெண்ணை அவள் வாழும் வீட்டிலிருந்து துரத்தக் கூடாது என்று நடுவர் ஆணையிடலாம். மனு அளித்தால் சாதாரணமாக மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை நடைபெற வேண்டும். பாதுகாப்பு ஆணையை மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறையும் இருபதாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

உழவர்கள் முக்கியமாக அறிய வேண்டியது ஒன்று. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்கு எதுவும் வராது என்று அச்சட்டமே கூறுகிறது. ஆதலின் ‘அடுத்த வீட்டு விவகாரத்தில் தலையிட்டால் வம்பு’ என்று ஒதுங்குவதற்கு இனி இடமில்லை.

மனைவிக்குக் கணவனோ அவன் உறவினரோ இழைக்கும் கொடுமை 1983ஆம் ஆண்டு முதல் தனிக் குற்றமாக இருந்து வருகிறது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு அதற்குரியது. வரதட்சணைச் சாவுக்கு 80ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை; ஆயுள் வரையும் நீளலாம். மணமாகி ஏழாண்டுக்குள் ஒரு பெண் ஐயத்துக்கிடமான முறையில் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை நடத்துவது நம் மாநில நடைமுறை. எனவே ஊர்ப் பெரியவர்கள் ‘கௌரவம்’ கருதி அவசரமாக எரியூட்ட உடன்படுதல் கூடாது.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. இவற்றுள் நவம்பர் 1ஆம் நாள் சபையில் நினைவு நாளைப் பற்றித் தீர்மானம் செய்து, நவம்பர் 25இல் நிகழ்ச்சியை நடத்தலாம்.

முதலாவது, இடம். எல்லாத் தெருவினரும், எல்லாச் சாதியினரும் தடையின்றி வந்து அமரக்கூடிய இடமே தக்கது. ஒரு தெருவினர் கால் வைக்க இயலாத சாவடியில் நாட்டும் கல் ஊர் நினைவாகாது. பள்ளி வளாகம், நூலகம், கண்மாய்க் கரை ஆகியவை ஏற்றவை. புறம்போக்கு நிலமாயின் உரிய அனுமதி பெற வேண்டும்.

இரண்டாவது, சின்னம். பெருஞ்செலவில் சிலை வேண்டுவதில்லை. வேம்போ புங்கமோ நட்டு, அதன் நிழலில் ஒரு கல் இருக்கை அமைத்தால் போதும். அதன்மீது, இவ்வூரில் வீட்டுக் கொடுமையால் மாண்ட பெண்களின் நினைவாக என்று ஒரு வரியும், பெண்கள் உதவிக்கான 181 என்ற தொலைபேசி எண்ணும் பொறிக்கலாம். அந்த எண்ணே அக்கல்லைச் சுமைதாங்கியாக்கும்.

மூன்றாவது, பாட்டு. மாதர் குழுவினர் தாமே கும்மியாகவோ தெம்மாங்காகவோ பாட்டுக் கட்டுவது நன்று. பறை, உருமி, நாகசுரக் கலைஞர்களை அழைத்தால் அவர்களுக்குரிய ஊதியத்தைக் குறைவின்றி அளிக்க வேண்டும். பாட்டு மூன்றைக் கூற வேண்டும்: அவள் எத்தகையவளாக வாழ்ந்தாள், ஊர் எப்போது அறிந்தும் வாளாவிருந்தது, இனி அத்துயர் வந்தால் எங்கே போக வேண்டும்.

நான்காவது, கதையை நிறுத்திக் கேட்டல். நல்லதங்காள் கதையைப் பாடும்போது மூன்று இடங்களில் நிறுத்துக. அண்ணி கதவடைத்த இடத்தில், ‘அடுத்த வீட்டில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்க. பிள்ளைகள் பசித்து நின்ற இடத்தில், ‘இன்று நம் ஊரில் உதவக் கூடியவர் யார்?’ என்று கேட்க. கிணற்றை நோக்கி நடந்த இடத்தில், ‘அவளை இடைமறித்து என்ன சொல்வீர்கள்?’ என்று கேட்க. ஆடவரும் விடை கூற வேண்டும். அவ்விடைகளை எழுதி அடுத்த கிராம சபையில் படிக்க வேண்டும்.

ஐந்தாவது, காவல். பாதுகாப்பு அலுவலர், அனைத்து மகளிர் காவல் நிலையம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆகியவற்றின் முகவரியைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுதி வைக்க வேண்டும். பெண்களுக்கு வருமான வரம்பின்றிச் சட்ட உதவி இலவசம். உழவர் வீடுகளில் பூச்சிமருந்தைப் பூட்டி, சாவியைத் தனியே வைப்பதும் உயிர் காக்கும் செயலே. மனம் உடைந்தோர் 14416 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம்.

தவிர்க்க வேண்டியவை

இறந்தவளின் பெயரைப் பிறந்தகத்தாரும் பிள்ளைகளும் இசைந்தாலன்றிப் பாட்டிலோ கல்லிலோ இடலாகாது. பாலியல் கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படியே குற்றம். வழக்கு நடக்கும்போது இன்னார் கொலை செய்தார் என்று பாட்டில் தீர்ப்புக் கூறுதல் தவறு. தீர்ப்பு நீதிமன்றத்துக்கு உரியது. கொடுமையைத் தாங்கி உயிரோடு இருக்கும் பெண்ணை மேடையேற்றிக் கதை சொல்லச் செய்தலும் வேண்டா. வீடு திரும்பினால் அவள் நிலை என்ன என்பதை எண்ண வேண்டும். தாயை இழந்த பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் நிகழ்ச்சி நடத்தினால், அவர்கள் மனம் புண்படாதவாறு ஆசிரியரைக் கலந்து கொள்ள வேண்டும். சாவு நேர்ந்த விதத்தை விரித்துப் பாடுதலும் ஆகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, குடும்பத் தகராறு என்று கட்டப் பஞ்சாயத்துக் கூட்டி, அடிபட்ட பெண்ணை ‘அனுசரித்துப் போ’ என்று திருப்பி அனுப்பும் பழக்கம் ஒழிய வேண்டும். அவ்வாறு அனுப்பிய ஊர் பிறகு எத்தனை பெரிய நினைவுக் கல் நாட்டினாலும் அது பழியை மறைக்கும் கல்லே ஆகும். நல்லதங்காளுக்கு அன்று அர்ச்சுனாபுரத்தில் ஒரு கதவு திறந்திருந்தால், அவளுக்குக் கோயிலே தேவைப்பட்டிராது. இனி ஒரு நினைவுக் கல் தேவைப்படாதவாறு நம் ஊர்க் கதவுகளைத் திறந்து வைப்போமாக.

கூடிப் பேசுவதற்கு வினாக்கள்

1. நம் ஊரில் அகாலமாக இறந்த பெண்ணுக்கு நாட்டிய கல், மரம், கோயில் எவை? அவற்றின் கதையை அறிந்தவர் யார்?

2. ‘நீலிக் கண்ணீர்’ போன்று, பெண்ணின் துயரை இகழும் பழமொழிகள் வேறு எவை? அவற்றை நாம் எப்போது கையாளுகிறோம்?

3. நள்ளிரவில் அடுத்த வீட்டில் அழுகுரல் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது என்ன?

4. நம் பஞ்சாயத்து நாட்டும் நினைவுச் சின்னம் உயிரோடு இருக்கும் பெண்ணின் எந்தச் சுமையை இறக்கி வைக்கும்?